சத்தம் போடத்தான் வந்திருக்கிறார்கள்

முப்பது குழந்தைகள். ஆளுக்கொரு மராக்கஸ், அதாவது குலுக்கினால் ஓசை தரும் கிலுகிலுப்பை, கொடுத்தாயிற்று. "நான் சொல்ற வரைக்கும் யாரும் ஆட்டக் கூடாது" என்று ஆசிரியர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மூலையில் 'சக்' என்கிறது. அந்தப் பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை. மூக்கைச் சொறிந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவனுக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்த குலுக்கலில் அவன் கையில் இருந்ததும் சத்தம் போடுகிறது. பத்து நொடியில் அறை முழுக்க ஓட்டின் மேல் மழை பெய்கிற ஓசை. ஆசிரியர் குரலை உயர்த்துகிறார். மழைக்கு மேலே கேட்க வேண்டுமானால் இன்னும் உயர்த்த வேண்டும். வகுப்பு தொடங்கி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, தொண்டை போயிற்று.

இசை ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வருகிற யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியிருக்காது. நானும் இதைச் செய்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை. கணக்கு வகுப்பில் பிள்ளையின் கையில் பென்சில் இருந்தால் பென்சில் சும்மா இருக்கும். இசைக்கருவி சும்மா இருக்காது. தொட்டால் பேச வேண்டும் என்றுதானே அதைச் செய்திருக்கிறார்கள். மற்ற பாடங்களில் சத்தம் வெளியிலிருந்து வரும் தொந்தரவு. இங்கே சத்தம்தான் பாடம். 'வாயை மூடு, கையைக் கட்டு' என்பது அங்கே வகுப்பைத் தொடங்கி வைக்கும். இங்கே வகுப்பை முடித்து வைத்துவிடும்.

ஆனால் அந்த மராக்கஸ் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். குழப்பம் எப்போது வந்தது? இசை நடந்துகொண்டிருந்தபோது இல்லை. இசை இன்னும் தொடங்காமல், கருவி கைக்கு வந்து, ஆசிரியர் பேசிக்கொண்டிருந்த இடைவெளியில் வந்தது. இசை வகுப்பில் ஒழுங்கு குலைவது பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான் என்பது என் கட்சி. அதை அடைக்கும் பொருளும் வெளியே எங்கும் இல்லை, இசைக்குள்ளேயே இருக்கிறது.

இதில் பாதியை வேறொருவர் வேறு வழியில் கண்டுபிடித்திருக்கிறார். அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாராம். கூனின் அவரைக் கண்டித்தார். கண்டிக்கப்படாத மற்றவர்களும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்ததுதான் அவரை யோசிக்க வைத்தது. பிறகு பல வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்தார். முடிவுகள் 1970இல் வெளிவந்தன. அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. தவறு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில், நன்றாக நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. வித்தியாசம் அதற்கு முன்னாலேயே இருந்தது. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு வகுப்பை இடறாமல் நகர்த்துகிறாரா, ஓட்டம் தடைபடாமல் பார்த்துக்கொள்கிறாரா, முதுகிலும் கண் இருப்பதுபோல் அறை முழுவதையும் கவனிக்கிறாரா என்பவைதான் முடிவு செய்தன. ஓட்டம், இடறாமை, முழுக் கவனம்: இவற்றை ஓர் இசைக்காரரிடம் சொன்னால் "இது லயம்தானே" என்பார்.

நேரமும் குறைவு. வாரம் ஒரு வகுப்பு, 40 நிமிடம், ஆண்டுக்கு 36 வாரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,440 நிமிடம். அதாவது சரியாக 24 மணி நேரம். ஒரு குழந்தை ஓராண்டில் கற்கும் பள்ளி இசை முழுவதும் ஒரே ஒரு நாளுக்குள் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு வகுப்பிலும் வரிசையில் நிற்க, உட்கார, கருவி கொடுக்க, வாங்க என்று பத்து நிமிடம் போனால் அந்த ஒரு நாளில் ஆறு மணி நேரம் காலி. இந்த அலுப்பு புதிதும் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் அரெட்ஸோ ஊர்த் துறவி கைடோ, பத்தாண்டு உழைத்தும் அரைகுறையாகவே பாடுகிறார்கள், என் முறையில் ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் தேர்ந்த பாடகரை உருவாக்கலாம் என்று கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்வரங்களுக்கு 'உத், ரே, மி' என்று அசைப்பெயர் வைத்தவர் அவர்தான்.

எனவே வாசலிலேயே தொடங்க வேண்டும். பிள்ளைகள் உள்ளே வரும்போதே டிரம்மில் ஒரு சீரான தாளம் ஓடிக்கொண்டிருக்கட்டும். அதற்கு நடந்தபடி வந்து வட்டமாக உட்காரட்டும். 'வாங்க, உட்காருங்க, பேசாதீங்க' என்ற மூன்று கட்டளையும் அந்தத் தாளத்துக்குள் இருக்கிறது. உட்கார்ந்ததும் நான்கு தட்டுக் கைத்தட்டல். வகுப்பு திருப்பித் தட்டும். இந்த எதிரொலி விளையாட்டு ஏன் வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அது பழகிச் சலிக்காது. திருப்பித் தட்ட வேண்டுமானால் முதலில் கேட்டாக வேண்டும். கேட்டுக்கொண்டே பேச முடியாது. தினமும் ஒரே மாதிரி தட்டினால் பிள்ளைகள் கேட்காமலேயே தட்டுவார்கள், பேசிக்கொண்டும் தட்டுவார்கள். அன்றைக்குப் பாடப்போகும் பாட்டின் தாளத்தையே கைத்தட்டலாகக் கொடுத்துவிட்டால் அழைப்பே பாடமாகிவிடும்.

வருகைப் பதிவும் அப்படித்தான். வாரத்துக்கு 15 வகுப்பு, வகுப்புக்கு 28 பேர் என்றால் 420 பெயர். பெயர் தெரியாத ஆசிரியர் "ஏய், அந்தப் பச்சை ரிப்பன்" என்று கூப்பிட்டால் ஆறு தலை திரும்பும். பெயரைப் பாடிக் கூப்பிடுங்கள், மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டே ஸ்வரத்தில். பிள்ளையும் அதே இரண்டு ஸ்வரத்தில் "இருக்கேன்" என்று பாடட்டும். இரண்டு நிமிட வேலை. வருகை முடிந்தது, பெயர் மனதில் பதிந்தது, யாருக்குச் சுருதி சேர்கிறது, யாருக்கு இன்னும் சேரவில்லை என்பதும் தெரிந்தது. பரீட்சை என்று அறிவிக்காமலேயே ஒரு பரீட்சை நடந்திருக்கிறது.

அந்த இரண்டு ஸ்வரத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசைக்கல்வி முறைகளான டால்க்ரோஸ், கோடாய், ஆர்ஃப் மூன்றையும் பயிற்சி நிலையங்களில் 'இசை கற்பிக்கும் முறைகள்' என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவற்றை வகுப்பை நடத்தும் முறைகளாகவும் படிக்கலாம். எனக்கு அந்தப் பக்கம்தான் அதிகம் உதவியிருக்கிறது.

எமில் ஜாக்-டால்க்ரோஸ் 1892இல் ஜெனீவா இசைப்பள்ளியில் ஹார்மனி, அதாவது பல ஸ்வரங்களை ஒரே நேரத்தில் இசைய ஒலிக்க வைக்கும் கலை, கற்பிக்க வந்தவர். அவருடைய மாணவர்கள் தாளில் சரியாக எழுதினார்கள். எழுதியது காதில் எப்படி ஒலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இசை உடம்புக்குள் போகவில்லை என்று முடிவுகட்டி, அவர்களை நடக்கவும் குதிக்கவும் திரும்பவும் வைத்தார். ஆசிரியர் பியானோ வாசிப்பார், மாணவர் நடப்பார். இசை நின்றால் நடை நிற்கும், வேகம் கூடினால் நடையும் கூடும், மெல்ல ஒலித்தால் நுனிக்காலில். ஆறு வயதுப் பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். ஓடி ஆடிக்கொண்டிருக்கும் இருபத்தெட்டுப் பேர் ஒரே கணத்தில் சிலையாக நிற்பார்கள், ஒரு சொல்கூடச் சொல்லாமல். "ஓடாதே" என்று கத்தி இதைச் சாதிக்க முடியாது. தன்னை நிறுத்திக்கொள்ளும் திறமைதான் வகுப்பு ஒழுங்கின் வேர் என்றால், அதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஹங்கேரியின் ஸோல்டான் கோடாய் (1882–1967) பாட்டை நம்பியவர். கருவி வேண்டாம், குரல் எல்லோரிடமும் இருக்கிறது. அவர் வழியில் தினமும் பாடும் முதல் தொடக்கப் பள்ளி 1950இல் கெச்கெமேட் நகரில் வந்தது. அந்த முறையில் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் வருவது 'சோ–மி' என்ற இறங்கு இடைவெளி. நம் கணக்கில் ப–க. முன்னே சொன்ன பெயர்ப் பாட்டு அதுதான். ஸ்வரத்துக்கு ஒரு கை அடையாளம் காட்டுவதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஜான் கர்வெனிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்; கர்வென் தன் முறையை சாரா குளோவர் என்ற ஆசிரியையின் முறையின் மேல் கட்டினார். ஸ்வரத்தைக் கையால் காட்டும்போது என்ன நடக்கிறது? சும்மா இருந்தால் பக்கத்துப் பிள்ளையின் சடையை இழுக்கப்போகும் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. கண் ஆசிரியரின் கையை விட்டு அகலாது. 'டா, டி-டி' என்ற தாளச் சொற்களும் வாய்க்கு அப்படி ஒரு வேலைதான். 'தக திமி' சொல்லித் தாளம் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

கோடாய் வழியில் எனக்கு மிகவும் பிடித்தது மனதுக்குள் பாடும் விளையாட்டு. வகுப்பு பாடிக்கொண்டிருக்கும். ஆசிரியர் விரித்த கையை மூடுவார். குரல் நிற்கும், பாட்டு நிற்காது. ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கும். கை திறந்ததும் எல்லோரும் பாட்டு அந்நேரம் எங்கே போயிருக்குமோ அங்கே சேர்ந்து எடுக்க வேண்டும். முதல் நாள் ஆளுக்கொரு இடத்தில் விழுவார்கள், பெரிய சிரிப்பு. நான்காவது வாரம் சரியாக ஒரே எழுத்தில் எழுவார்கள். நடுவில் இருக்கும் அந்த அமைதி, அதட்டி வாங்கிய அமைதி மாதிரி இருக்காது. எட்டு தட்டு நீளத்துக்கு முப்பது பேர் உள்ளுக்குள் பாடிக்கொண்டிருக்கும் அமைதி. வகுப்பு பார்க்க வரும் அதிகாரிகள் இந்த இடத்தில் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஆர்ஃபின் கதை மியூனிக்கில், 1924இல் டோரோதே குந்தர் தொடங்கிய பள்ளியில் ஆரம்பிக்கிறது. நடனமும் இசையும் உடற்பயிற்சியும் ஒன்றாகக் கற்பித்த இடம். ஆர்ஃபின் மாணவியாக வந்து துணையாக ஆன குனில்ட் கீட்மன் இல்லாவிட்டால் இன்றைக்கு அந்த முறை இருந்திருக்காது. பெயர் ஆர்ஃபுக்கு, உழைப்பில் பாதி கீட்மனுக்கு. 1948இல் பவேரிய வானொலியில் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியாக இருவரும் இதைக் கொண்டுவந்த பிறகுதான் பள்ளிகளுக்குள் பரவியது. வரிசை எளியது: முதலில் வாயால் சொல், பிறகு உடம்பில் தட்டு, பிறகுதான் கருவி. தொடையில், மார்பில், கையில், தரையில் பழகிய தாளம் கருவிக்கு மாறும்போது பிள்ளைக்குக் கருவி மட்டுமே புதிது, தாளம் பழையது. மராக்கஸ் காட்சியில் ஆசிரியர் இந்த வரிசையைத்தான் தலைகீழாக்கினார்: கருவியை முதலில் கொடுத்துவிட்டு, விளக்கத்தைப் பிறகு ஆரம்பித்தார்.

ஆர்ஃப் சைலோபோனைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மரப்பெட்டியின் மேல் மரக்கட்டைகள். கட்டைகளைக் கழற்றலாம் என்பதுதான் அதன் சூட்சுமம். மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று இருப்பதில் எஃப், பி இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் ஐந்து ஸ்வரம்: ச ரி க ப த. மோகனம். அடுத்தடுத்து உரசும் அரைச்சுர இடைவெளி இல்லாததால் யார் எதைத் தட்டினாலும் காதைக் கடிக்காது. தப்பு செய்ய முடியாத கருவி கையில் இருக்கும் பிள்ளைக்குப் பயம் இருக்காது. பயம் இல்லாத பிள்ளை அசட்டுத்தனம் செய்து தப்பிக்கப் பார்க்காது. வகுப்பில் கோமாளித்தனம் செய்பவர்களில் பலர் 'எனக்கு வராது' என்பதை மறைக்கத்தான் அதைச் செய்கிறார்கள்.

இனி எண்ணிக்கைச் சிக்கல். சைலோபோன் பன்னிரண்டு, பிள்ளைகள் இருபத்தெட்டு. ஒரு கருவிக்கு இருவர் வீதம் இருபத்துநான்கு பேர் எதிரெதிரே. கோல் வைத்திருப்பவர் தட்டுவார். எதிரே இருப்பவர் அதே இசையைக் கட்டை மேல் படாமல் விரலால் காற்றில் வாசிப்பார். மிச்சம் நால்வர் டிரம்மில் தாளம் காப்பார்கள். பாட்டின் ஒரு சுற்று முடிந்ததும் நான்கு தட்டு நேரத்தில் கோல் கை மாற வேண்டும். அந்த நான்கு தட்டையும் ஆசிரியர் எண்ணக் கூடாது, டிரம் பிள்ளைகள் தட்டிக் காட்டட்டும். மாறும் நேரமும் பாட்டின் அங்கமாகிவிட்டால் "எனக்கு எப்ப டீச்சர்?" என்ற கேள்வியே எழாது, முறை வரும் நேரம் பாட்டுக்குள்ளேயே எழுதியிருக்கிறதே. பேச வேண்டிய நேரத்தில் கோல்கள் தோள் மேல். "கீழே வை" என்றால் உருட்டும் சத்தம் வரும். தோள் மேல் வைத்தால் வராது. இதெல்லாம் சில்லறை விஷயம் மாதிரி தெரியும். வகுப்பு நிற்பதும் விழுவதும் இந்தச் சில்லறையில்தான்.

அமைதியைக் கேட்டு வாங்குவதைவிட விளையாட்டாக்கலாம் என்று காட்டியவர் கனடா இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர். ஒரு தாளைக் கொடுத்து, சத்தமே வராமல் கை மாற்றி வகுப்பைச் சுற்றிக் கொண்டுவரச் சொல்வார். முடியாது. தாள் சரசரக்கும், நாற்காலி முனகும், யாரோ மூச்சை அடக்கி அடக்கி வெடித்துச் சிரிப்பார்கள். ஆனால் அந்த நேரம் முழுக்க ஒவ்வொரு காதும் விறைத்து நிற்கும். காதைத் தீட்டிவிட்டுத்தான் பாட வேண்டும் என்பது அவர் கட்சி. மழையோ விடுமுறைக்கு முந்தைய நாளோ பிள்ளைகளைக் கிறுக்காக்கியிருக்கும்போது இதைப் போல வேறு மருந்து இல்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளைகளின் இயல்பான தாள வேகம் பெரியவர்களுடையதைவிட அதிகம். நமக்கு நிதானமாகத் தோன்றும் நடை ஐந்து வயதுக்காரருக்கு இழுவை. அவர்களால் அந்த மெதுவில் நிற்க முடியாது, முந்திக்கொண்டு ஓடுவார்கள். "ஓடாதீங்க, தாளத்தைக் கவனிங்க" என்று திட்டுவதைவிட முதலில் அவர்கள் வேகத்துக்கு நாம் போய், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்குவது எளிது. பாடும் உயரமும் அப்படியே. பியானோவின் நடுவில் உள்ள சி-க்கு மேலே வரும் டி-யிலிருந்து ஏ வரைதான் பெரும்பாலான சின்னப் பிள்ளைகளுக்குச் சௌகரியம். ஆண் ஆசிரியர் தன் இயல்பான குரலில் ஒரு ஸ்தாயி கீழே பாடினால் சில பிள்ளைகள் அதே ஆழத்துக்கு இறங்கப் பார்த்து உறுமுவார்கள். 'இவனுக்குச் சுருதி இல்லை' என்று குறித்துவிடுவோம். அவன் நம்மைத்தான் உண்மையாகப் பின்பற்றினான்.

ஒன்பது, பத்து வயதில் சிக்கல் வேறு. குதித்தவர்கள் இப்போது கூச்சப்படுகிறார்கள். பாடினால் பக்கத்தில் இருப்பவன் பார்ப்பானே என்று. இவர்களிடம் பொம்மைப் பாட்டு செல்லாது. யுகுலேலே என்ற குட்டி கிதார், வாளியைக் கவிழ்த்து வைத்து வாசிக்கும் தாளம், குழுவாகச் சொந்தமாக எட்டுத் தட்டு உருவாக்குவது என்று பெரிய ஆள் வேலை கொடுத்தால் வருவார்கள். ரெக்கார்டர் என்ற ஊதுகுழலும் இந்த வயதில்தான். அதில் முதல் மூன்று பாடம் ஒரே விஷயம்தான்: மெல்ல ஊது. பலமாக ஊதினால் அது வீறிடும், வீறிட்டால் சிரிப்பு வரும், சிரித்தபடி ஊதினால் இன்னும் வீறிடும்.

நட்சத்திர ஸ்டிக்கர், பரிசு, புள்ளிப் பலகை இவற்றைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாத நேரத்தில் பார்த்தால், அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். விளையாட்டு கூலி வேலையாகிவிட்டது. பிடிக்காத வேலையைச் செய்ய வைக்கப் பரிசு உதவலாம். ஆனால் டிரம் தட்டுவதற்கு ஒரு குழந்தைக்கு ஸ்டிக்கர் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால் கோளாறு பிள்ளையிடம் இல்லை. நன்றாக நடந்த வகுப்புக்கு என்ன பரிசு என்று கேட்டால், இன்னொரு சுற்று வாசிக்க விடுவதுதான்.

எல்லா வகுப்பிலும் சேராத ஒரு பிள்ளை இருக்கும். காதைப் பொத்திக்கொண்டு மூலையில் நிற்பவளுக்கு அடக்கமின்மை என்று பெயர் வைக்கும் முன், அந்தச் சத்தம் அவளுக்கு நிஜமாகவே வலிக்கலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சத்தம் குறைக்கும் ஹெட்போன் ஒன்றும், டிரம்களிலிருந்து தள்ளி ஓர் இடமும், அடுத்து பலத்த சத்தம் வரப்போகிறது என்ற முன்னறிவிப்பும் இருந்தால் அவளால் அறைக்குள் இருக்க முடியும். பாட மறுப்பவனை வட்டத்தின் நடுவில் நிறுத்தக் கூடாது. அதைவிடக் கேடு, சுருதி சேராதவனிடம் "நீ வாயை மட்டும் அசை" என்று காதோடு சொல்வது. ஐம்பது வயதிலும் 'எனக்குப் பாட வராது' என்று சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பலரும் ஒரு வகுப்பையும் ஒரு விழாவையும் சொல்வார்கள், ஆசிரியரின் பெயரோடு.

சேராத பிள்ளைக்கு நான் கொடுப்பது டிரையாங்கிள், முக்கோணமாக வளைத்த உலோகக் கம்பி. பாட்டின் கடைசியில் ஒரே ஒரு தட்டு. அதற்காக அவன் பாட்டு முழுவதையும் எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும்; இருபத்தேழு பேரும் அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். தட்டிய பிறகு அந்த ஓசை முழுதாகத் தேயும் வரை யாரும் அசையக் கூடாது என்பது விதி. ஓசை எப்போது நின்றது என்று கை தூக்கிச் சொல்வதும் அவன்தான். எப்போதும் மற்ற எல்லோரையும்விட இரண்டு நொடி தாமதமாகத் தூக்குவான், இன்னும் கேட்கிறது என்பான்.